மலையாள மாணவர்க்குத் தமிழ் வாசிப்புப் பாடங்கள்: தேர்வில் ஒரு சிக்கல்

கொச்சிப் பகுதியில், எடுத்துக்காட்டாக உப்பங்கழியோரத்து இடக்கொச்சியில், மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கல்லூரி மாணவர்க்குத் தமிழ் வாசிப்புப் பாடங்களைத் தொகுக்க முற்படுவோர் பொதுவாக ஓர் அளவுகோலையே கையாள்வர். இரு மொழிக்கும் பொதுவான சொற்கள் மிகுந்த பகுதி எளிது. குறைந்த பகுதி அரிது என்பதே அது. இவ்வளவுகோல் பொருத்தமானதன்று. அயன்மொழிச் சொல் விளங்காதபோது மாணவன் அகராதியை நாடுகிறான். விளங்கிவிட்டதாகத் தோன்றும் சொல்லை அவன் ஐயுறுவதில்லை.

‘ஊருக்குள் வெள்ளம் வந்தது’ என்னும் தொடரைக் கருதலாம். மலையாளத்தில் வெள்ளம் என்பது தண்ணீர். குழாயில் தண்ணீர் வந்த செய்தியாகவே மாணவன் இதனைக் கொள்ளக்கூடும். ‘அவருக்குச் சம்சாரம் இல்லை’ என்பது தமிழில் மனைவி இல்லாமையைக் குறிக்கும். மலையாளத்தில் சம்சாரம் பேச்சாகும். ‘அவசரம்’ தமிழில் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு. இரு பொருளிலும் தொடர் இலக்கண வழுவின்றி நிற்பதால் பிழை வெளிப்படுவதே இல்லை. மொழிபெயர்ப்பாளராக உருவாக வேண்டியவர்க்கு இது சிறு குறையன்று.

சொல்லினும் பெரிய இடர் வினைமுற்றில் உள்ளது. மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டாது: அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு. தமிழிலோ வந்தான், வந்தாள், வந்தார்கள் என விகுதியே எழுவாயைச் சுட்டும். எனவே எழுவாய் தோன்றாமல் நிற்பது இயல்பு. ‘கதவைத் திறந்தாள். நின்றான். ஒன்றும் பேசவில்லை’ என்று வருமிடத்தில் விகுதியைக் கவனியாது படிப்பவன் இருவரையும் ஒருவராக்கிவிடுவான். பேசாதவர் யார் என்பதோ தமிழ் மாணவனும் சூழலால் உணர வேண்டியது. ஆதலின் தொடக்கப் பாடங்களுக்குக் கட்டுரையைவிட இருவர் மூவர் இயங்கும் கதைப்பகுதிகளே தக்கவை. பாடநூல்கள் பெரிதும் கட்டுரையையே நாடுவது வியப்புக்குரியது.

கேரளத் தொடர்புடைய தமிழ்ப் படைப்புகள் இங்கு முதலில் நினைவுக்கு வரும். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவைக் களமாகக் கொண்ட ஆ. மாதவன் கதைகளும், நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) நாவலும் அத்தகையவை. களமும் வாழ்வும் மாணவர்க்கு அணுக்கமானவை என்பது உண்மை. ஆயின் இவற்றின் வட்டார வழக்கை, எழுத்துத் தமிழின் விகுதிகள் மனத்தில் படியுமுன் தருவது, எது பொது எது வட்டாரம் என்ற தெளிவைக் கெடுக்கும். இரண்டாம் பருவத்திற்கு இவை உரியவை.

கொச்சிக்கே உரிய நூலொன்று உண்டு. என்றீக்கே என்றீக்கசு போர்த்துக்கீசியத்திலிருந்து பெயர்த்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ 1579இல் கொச்சியில் அச்சானது. கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியதற்கு மறு ஆண்டு அது. எந்தக் கருத்துக்குத் தமிழில் முன்பே வழங்கிய சொல்லை ஆள்வது, எதனை எழுத்துப்பெயர்ப்பாக விடுவது என்ற வினாவை மொழிபெயர்ப்பு மாணவர்முன் நேராக வைப்பதற்கு இதனினும் நல்ல பாடம் அரிது. அக்கால எழுத்தில் புள்ளி இடப்படாமையாலும், ரகரமும் கால் குறியும் ஒத்திருந்தமையாலும் மூல அச்சின் ஓரிரு பக்கங்கள் போதும். அதற்குமேல் கொடுத்தால் வகுப்பு எழுத்தாராய்ச்சியில் முடிந்துவிடும்.

படியெடுத்தல் பற்றி ஆசிரியர்க்குள்ள தயக்கம் தனிப் பொருள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கற்பித்தலின் பொருட்டான படிகளுக்கு இடம் தருகிறது. 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் பல்கலைக்கழகப் பாடத்தொகுப்பு வழக்கில் இதனை விரிவாகவே பொருள்கொண்டது.

எஞ்சுவது ‘செம்மீன்’. தகழியின் நாவலும் (1956) சுந்தர ராமசாமியின் தமிழாக்கமும் இணைப்பாடமாக அமையத் தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் முதற்பருவத்தில் தந்தால் மாணவன் மலையாள மூலத்தை நினைவில் ஓட்டித் தமிழ் வரிகளைக் கடந்துவிடுவான். கதை தெரியும், தமிழ் தெரியாது. இறுதிப் பருவத்தில், மூலத்தை மறைத்து, தமிழாக்கத்தின் ஒரு பக்கத்தை மீண்டும் மலையாளத்தில் எழுதச் செய்து, அதன்பின் தகழியின் பக்கத்தோடு ஒப்பிடச் செய்யலாம். எழுவாயைச் சேர்க்க வேண்டிய இடங்களை அப்போது அவனே எண்ணிக்கொள்வான்.