சூட்டில் முக்கும் செல்ஃப்: மாற்றும் முன் அளந்து பாருங்கள்

காலையில் சாவியைத் திருப்பியதும் பட்டென்று கிளம்புகிற கார் அது. நூறு கிலோமீட்டர் ஓடியபின் டீக்கடையில் நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துக் கிளப்பினால் மட்டும் முக்குகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஒழுங்காகக் கிளம்பிவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், “செல்ஃப் மோட்டார் போச்சு சார், மாத்திடலாம்” என்பார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது மோட்டார் போட்ட பிறகும் அதே கோளாறு தொடர்வது உண்டு. அளந்து பார்க்காமல் மாற்றுவதால் வரும் வினை இது.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுழன்றும் பற்றவில்லை என்றால் செல்ஃபைக் குறை சொல்ல முடியாது. பெட்ரோல் வருகிறதா, கிராங்க் சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் கேட்டு, இன்ஜின் அசையாமல் நின்றால், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சோலனாய்டையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் சந்தேகிக்கலாம். இன்ஜின் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுழன்றால் மின்சாரம் வழியில் எங்கோ வீணாகிறது. இல்லையேல் பேட்டரி இறங்கியிருக்கலாம், மோட்டாரே தேய்ந்தும் இருக்கலாம்.

சூடு செய்யும் வேலை

இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடுகிறது. முன்னாலிருந்து வரும் காற்றும் இல்லை. அதனால் பானெட்டுக்குள் சூடு சில நிமிடங்களுக்கு ஏறத்தான் செய்யும். பல கார்களில் செல்ஃப் மோட்டார் சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தச் சூடு நேராக அதைத் தாக்குகிறது. செம்புக் கம்பியின் மின்தடை 10 டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். 30 டிகிரியில் இருந்த சுருள் 100 டிகிரியைத் தொட்டால் தடை கால் பங்குக்கு மேல் உயர்ந்துவிடும். சோலனாய்டின் இழுவிசை குறையும். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்த மோட்டாரில், சுழலும் ஆர்மேச்சர் உள்ளே உரசவும் தொடங்கும். குளிரில் சமாளித்துக்கொண்டிருந்த பலவீனம் சூட்டில் வெளிப்படுவது இப்படித்தான்.

மல்டிமீட்டர் சொல்லும் பதில்

கோளாறு இருக்கும்போதே சோதிப்பதுதான் முக்கியம். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். இன்ஜின் பற்றாமல் இருக்க ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒருவர் ஐந்து வினாடிக்கு மேல் போகாமல் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும்.

முதலில் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைத் தனியே சோதிக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் ஏற்றாமல், வழி நெடுக பேட்டரி இறங்கியிருந்தாலும் இப்படித் தெரியலாம்.

அடுத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தூணில், அதாவது கிளாம்ப் மேல் இல்லாமல் தூணிலேயே, வையுங்கள். கறுப்பு முனை செல்ஃப் மோட்டாருக்கு வரும் தடித்த வயரின் போல்ட்டில் இருக்கட்டும். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளிலோ இணைப்பிலோ கோளாறு. அதேபோல் நெகட்டிவ் தூணுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரைக் கவனியுங்கள். துருப்பிடித்த எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கினாலே தீர்ந்துவிடும் கோளாறுகள் ஏராளம்.

இது ஏன் பெரிய விஷயம்? பெட்ரோல் காரின் செல்ஃப் 150 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் காணாமல் போகும். கண்ணுக்கு எளிதில் படாத பச்சைக் களிம்பு அத்தனையையும் விழுங்கிவிடும்.

வயரெல்லாம் சரி, பேட்டரியும் சரி, இன்னும் முக்குகிறது என்றால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். அப்போதும் கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றினால் போதுமா என்று நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பெரும்பாலும் புது மோட்டாரைவிடச் செலவு குறைவாகவே இருக்கும்.

வண்டியை ராத்திரி விட்டுவிட்டு, ஆறியபின் காலையில் சோதிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓட்டிக்கொண்டு போய், சூடு இறங்குவதற்குள் அளக்கச் சொல்லுங்கள். மீட்டரில் வந்த எண்ணை உங்களுக்குக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. எந்த எண்ணும் காட்டாமல் பில் மட்டும் நீட்டுகிற இடத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.