கன்னமும் காவலும்

சுவரைத் துளைத்து உட்புகுந்து களவாடுதலைக் கன்னமிடுதல் என்றனர் பழையோர். துளை செய்யும் கருவிக்குக் கன்னக்கோல் என்று பெயர். மண்சுவர் வீடுகள் அருகவே கன்னக்கோலும் வழக்கொழிந்தது. கள்வன் மட்டும் ஒழிந்தானில்லை. ஓட்டைக் கழற்றி இறங்குகின்றான். குசினிக் கதவை நெம்புகின்றான். சிலவேளை யாதொரு தொல்லையுமின்றித் திறந்து கிடக்கும் கதவினூடே நடந்து வருகின்றான்.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியிலே நள்ளிரவுக் கள்வர் வருகின்றனர். கரிய உடை; இடையிலே சுற்றிய நூலேணி; நிலத்தை அகழும் உளி. அவர்களைத் தேடித் திரியும் ஊர்காவலரையும் புலவர் அடுத்து நிறுத்துகின்றார். அக்காவலர் கள்வரின் நெறிமுறைகளை நூல்வழிக் கற்றவர். மழை பொழியும் நடுயாமத்திலும் சோம்பாதவர். களவைத் தடுக்க விரும்புவோன் களவை அறிந்தவனாதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட முறை. வீட்டுத் தலைவனுக்கும் இதுவே பொருந்தும். மாலையிலே ஒருமுறை படலைக்கு வெளியே நின்று தன் வீட்டைத் தானே கள்வன் கண்கொண்டு நோக்குவானாயின், எந்தப் பூட்டு வாணிகனும் சொல்லாத பலவற்றை அறிந்துகொள்வான்.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையிலே பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று எண்ணிக் காட்டுகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்னும் நான்கினையும் இங்கே விட்டுவிடலாம். எஞ்சிய தந்திரம், இடம், காலம், கருவி என்னும் நான்கும் பெரும்பாலும் வீட்டுக்காரனே கள்வனுக்கு ஈவன.

கருவியை முதலில் எடுத்துக்கொள்வோம். அலவாங்கைத் தோளிற் சுமந்து தெருவிலே வருபவன் யார் கண்ணிலும் படுவான். ஆதலின் அவன் வெறுங்கையோடு வருதலையே விரும்புவான். நம் கோடிப்புறத்திலே மண்வெட்டி கிடக்கும். மாமரத்தோடு ஏணி சார்த்தியிருக்கும். கிணற்றடியிலே கயிறு தொங்கும். இவையனைத்தையும் இரவிலே உள்ளே வைத்துப் பூட்டுதல் கால்மணி நேர வேலை. திறப்பின் கதை இன்னும் வேடிக்கையானது. பூச்சாடியின் கீழும் நிலையின் மேலும் யன்னற் படியிலும் திறப்பை ஒளித்து வைக்கின்றோம். எல்லா வீட்டாரும் ஒரே இடத்தில் ஒளித்து வைப்பதை ஒளிப்பு என்று சொல்லலாமோ?

இனி இடம். கிளுவையும் பூவரசும் நிரையாக நின்ற வேலிகள் போய், ஆளுயரத்தை விஞ்சிய மதில்கள் எழுந்துள்ளன. மதில் காவல் என்று எண்ணுகின்றோம். ஏறிக் குதிக்கும்வரை அது காவல்தான்; குதித்துவிட்டவனுக்கோ அதுவே மறைப்பு. அவன் விடியும்வரை உள்ளே இருந்து கதவை அறுத்தாலும் ஒழுங்கையிற் போவார்க்குத் தெரியாது. பழைய வேலியிலே ஒரு பொட்டு இருக்கும். அதனூடே அயல்வீட்டு ஆச்சி நாளுக்கு நான்குமுறை வந்து போவார். அந்தப் பொட்டு கள்வனுக்கும் வழியன்றோ எனின், வழிதான். ஆயினும் ஆச்சியின் கண் எப்பொழுதும் அதன்மீது இருந்தது. மதிலை இடிக்க வேண்டும் என்று யாம் கூறவில்லை. முன்மதிலைத் தாழ்த்தி, யன்னலை மறைக்கும் செடிகளைக் கத்தரித்து, அயலார் வீட்டு விறாந்தையிலிருந்து நம் வாயில் தெரியும்படி செய்தல் போதும்.

காலம் என்பது கள்வன் கணிக்கும் முகூர்த்தம். நமது சோதிடர் குறித்த முகூர்த்தமே பல வேளைகளில் அவனுக்கும் முகூர்த்தமாகிவிடுகின்றது. மணவீட்டிற்கு முழுக் குடும்பமும் போகின்றது. நல்லூர்த் திருவிழா நடைபெறும் 25 நாள்களிலும் மாலைதோறும் வீடுகள் தனித்துக் கிடக்கின்றன. புறப்படுமுன்னரே புறப்பட்டதை முகநூலில் அறிவிக்கும் வழக்கமும் இப்பொழுது சேர்ந்துகொண்டது. படங்களைத் திரும்பி வந்தபின் இட்டால் யாருக்கு என்ன குறை? முகநூல் பாராத கள்வனுக்கும் அடையாளங்கள் உண்டு. பட்டப்பகலிலே எரியும் வாசல் விளக்கு ஒன்று. எடுப்பாரின்றிக் கிடக்கும் பத்திரிகை மற்றொன்று. எல்லாவற்றினும் பெரியது, கூட்டாத முற்றம். காலையிலே முற்றம் கூட்டும் நம் ஊர்களில், மூன்று நாட் சருகு கிடந்தால் அதனைப் படிக்க எழுத்தறிவு வேண்டுவதில்லை. ஆதலின் வெளியூர் செல்வோர் நம்பிக்கையான அயலார் ஒருவரிடம் முற்றத்தைக் கூட்டி, மாலையில் விளக்கேற்றும்படி சொல்லிச் செல்லல் நன்று.

தந்திரத்துக்கு அப்பொற்கொல்லன் கூறிய கதை ஒன்று போதும். ஒரு கள்வன் பகலிலே தூதன் கோலத்தில் வாயிலில் இருந்தான். இரவிலே பெண் கோலத்தில் உட்புகுந்து, துயின்ற இளவரசனின் மாலையைக் கவர்ந்தான். பகல் வேடம் இரவுத் தொழிலுக்கு ஒத்திகை. பழைய இரும்பு கேட்டும் முகவரி விசாரித்தும் வருபவருட் பெரும்பாலோர் நேர்மையாளரே. எனினும் மின்மானி பார்க்க வந்தேன் என்பவரிடம் அடையாள அட்டையைக் கேட்டல் மரியாதைக் குறைவன்று. உண்மையான அலுவலர் அதற்காகச் சினந்துகொள்ளார்.

பூட்டுப் பற்றியும் ஒருசொல். 1851ஆம் ஆண்டு இலண்டனிற் பெருங் கண்காட்சி நடந்தபோது, ஹொப்ஸ் என்னும் அமெரிக்கப் பூட்டு வல்லுநர், யாராலும் திறக்க முடியாதெனப் பல்லாண்டுகளாகப் பரிசு கூறிக் கடையில் வைத்திருந்த பிராமா பூட்டினைத் திறந்து காட்டினார். 16 நாள்களில் 50 மணிநேரத்துக்கு மேல் உழைத்தே அதனைச் செய்தார். திறவாப் பூட்டு என்று ஒன்றில்லை என்பதோடு, நல்ல பூட்டு கள்வனின் நேரத்தை உண்ணும் என்பதும் இதனால் விளங்கும். அவனிடம் மிகக் குறைவாக உள்ள பொருள் நேரமே. ஆனால் ஆமைப்பூட்டு எவ்வளவு பெரிதாயினும், கொழுக்கி உக்கிய பலகையில் அறையப்பட்டிருந்தால் யாது பயன்?

தனித்து வாழும் முதியோர் நிலைதான் நம் நெஞ்சை வருத்துவது. பிள்ளைகள் கடல் கடந்து வாழ, தாயும் தந்தையும் பெருவீட்டிலே இருவராய் இருக்கின்றனர். மகளின் நகை அலுமாரியிலே இருக்கின்றது. அந்நகை வங்கிப் பெட்டகத்தில் இருந்தால் அவர்கள் உறங்குவார்கள். இரவிலே படலையில் யார் கூப்பிட்டாலும் யன்னல் வழியே ஆளறிந்தபின்னரே கதவு திறத்தல் வேண்டும். அயல்வீட்டுத் தொலைபேசி எண்ணும் பொலிசின் 119 என்னும் எண்ணும் பெரிய எழுத்திற் படுக்கையருகே இருத்தல் வேண்டும். ஆயுதத்தோடு உள்ளே வந்துவிட்டவனோடு மல்லுக்கு நிற்றல் வேண்டா. சங்கிலியை மீண்டும் செய்விக்கலாம்.

களவு நடந்தபின் பலரும் செய்வது, வீட்டைக் கூட்டிக் கழுவுதல். அடுத்து, வேலைக்கு வந்த பெண்ணையோ அயல்வீட்டுப் பையனையோ குற்றவாளியாக்குதல். முன்னது தடயத்தை அழிக்கும். பின்னது ஓர் ஏழையின் வாழ்வை அழிக்கும். கள்வர் இலக்கணத்தை அத்துணை நயமாக எடுத்துரைத்த பொற்கொல்லனே சிலம்பு திருடியவன் என்பதையும், அவன் சொல்லால் வெட்டுண்டவன் களவறியாதவன் என்பதையும் யாம் மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கின்றோம். அவ்வழக்குத் தீர்ந்தது எதனால்? தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி அறிந்திருந்தாள். தேவியின் சிலம்பிலோ முத்து. நம்மவருள் எத்தனை பேர் தம் நகையின் நிறையையும் அடையாளத்தையும் உடனே சொல்ல வல்லவர்? நகைதோறும் நிறை, கல், நெளிவு, வேலைப்பாடு என்பவற்றை எழுதி, ஒளிப்படமும் எடுத்து வைத்தால், அடகுகடையிலே பொருள் அகப்படும்போது எமது என்று நாட்டலாம். அப்பட்டியலை நகைப்பெட்டிக்குள்ளேயே வைப்பாரும் உளர். நகையோடு அதுவும் போய்விடும். படி ஒன்று உடன்பிறந்தார் வீட்டிலே இருக்கட்டும்.