சாவித்துளை வழி (லாங்ஸ் சிகரம்)

சாவித்துளை வழி என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் உள்ள லாங்ஸ் சிகரத்திற்கு (4,346 மீட்டர்) ஏறும் வழியாகும். மலைமுகட்டில் சாவித்துளை போன்று காணப்படும் பாறைத் திறப்பினால் இப்பெயர் ஏற்பட்டது. கோடையில் கயிறின்றி ஏறுவோர் பெரும்பாலும் இவ்வழியையே பயன்படுத்துகின்றனர். சென்று திரும்ப ஏறத்தாழ 24 கி.மீ. தொலைவும், 10 முதல் 15 மணி நேரமும் ஆகும். இச்சிகரத்தில் பதிவான முதல் ஏற்றம் 1868ஆம் ஆண்டு ஜான் வெஸ்லி பவல் குழுவினரால் மேற்கொள்ளப்பட்டது.

வழியின் தன்மை

ஏறத்தாழ 2,870 மீட்டர் உயரத்தில் தொடங்கும் தடம் முதலில் ஊசியிலைக் காட்டினூடே செல்கிறது. மரங்கள் முடிவுற்ற பின் திறந்த வெளியும், அதனையடுத்துப் பெரும் பாறைகள் குவிந்த பரப்பும் வருகின்றன. சாவித்துளை வரை ஏறத்தாழ 10 கி.மீ. ஆகும். அதற்கு அப்பால் வெட்டப்பட்ட பாதை எதுவும் இல்லை. பாறைகளில் தீட்டப்பட்டுள்ள சிவப்பு, மஞ்சள் வட்டங்களே வழிகாட்டிகள். ஒடுங்கிய பாறை விளிம்புகள், கற்கள் உருளும் செங்குத்தான பள்ளம், ஒருபுறம் பாதாளமாக இறங்கும் குறுகிய திட்டு, இறுதியாகச் சரிவான வழுவழுப்பான பாறை என வழி அமைகிறது. எஞ்சிய தொலைவு 2 கி.மீ. அளவே எனினும் அதனைக் கடக்க இரண்டு மணி நேரத்திற்கு மேலாகலாம். வரைபடத்தில் தொலைவை மட்டும் அளந்து திட்டமிடுவோர் ஏமாறுவது இங்கேதான்.

நேரத் திட்டம்

கோடைப் பிற்பகல்களில் இம்மலைகளில் இடிமழை அடிக்கடி உண்டாகிறது. காலையில் சூடாகும் ஈரக்காற்று மலைச்சரிவில் மேலெழுந்து மேகமாகத் திரள்வதே இதற்குக் காரணம். இவ்வழியில் மரங்களற்ற பகுதி மட்டும் சென்று திரும்ப ஏறத்தாழ 15 கி.மீ. இருப்பதால் மின்னலிலிருந்து ஒதுங்க இடம் அரிது. எனவே புறப்படும் நேரத்தை நண்பகலிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, அதிகாலை 2 மணிக்குப் புறப்படும் ஒருவர் 6.30க்குச் சாவித்துளையையும், 9 மணிக்கு உச்சியையும் அடைவதாகக் கொள்வோம். அரை மணி நேர ஓய்வுக்குப் பின் அதே வழியில் இறங்கினால் சாவித்துளைக்கு மீளும்போதே நண்பகல் ஆகிவிடும். மரங்களின் எல்லைக்கு மேலும் இரண்டு மணி நேரம் தேவைப்படும். ஆகவே 2 மணிப் புறப்பாடும் மிக முந்தியதன்று. உச்சி என்பது பயணத்தின் பாதி மட்டுமே. களைத்த கால்களுடன் அதே விளிம்புகளைத் திரும்பவும் கடக்க வேண்டும். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்து கொள்வது நலம், ஏனெனில் உச்சி கண்ணுக்குத் தெரியும் நிலையில் அம்முடிவை எடுப்பது எளிதன்று.

உடலும் உடைமைகளும்

உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடே. தாழ்நிலத்திலிருந்து வருவோர் சில நாட்கள் உயரமான ஊரில் தங்கி உடலைப் பழக்குதல் வேண்டும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் தோன்றினால் இறங்குவதே மருந்து. தலைவிளக்கு, மழையாடை, கம்பளி உடை, கையுறை, உணவு, போதிய நீர் ஆகியவை இன்றியமையாதவை. ஓடை நீரை வடிகட்டியோ கொதிக்க வைத்தோ மட்டுமே பருகலாம்.

பனியற்ற காலம் பொதுவாக சூலை நடுப்பகுதி முதல் ஆகத்து இறுதி வரையாகும். ஏனைய காலங்களில் பனிக்கோடரியும் அதற்கான பயிற்சியும் தேவை. 1925 சனவரியில் கிழக்கு முகத்தின் வழியே உச்சியை அடைந்த ஆக்னசு வெயில், இறங்கும்போது விழுந்து குளிரில் உயிரிழந்தார். அவர் நினைவாகச் சாவித்துளை அருகே 1927இல் சிறு கற்குடில் ஒன்று எழுப்பப்பட்டது.