சுண்ணாம்பு மலைக்கு ஒரு டூர்!

குட்டீஸ், லீவுக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? பாட்டி ஊர், ஊட்டி, கொடைக்கானல்... சரிதானே? இந்த வாரம் கொஞ்சம் தூரமாகப் போகலாம். இத்தாலிக்கு! அங்கே போய் பாறை ஏறப் போகிறோம். டிக்கெட் எடுக்க வேண்டாம். ஒரு பேப்பரும் பென்சிலும் போதும். நடுவில் கணக்கு வரும், இப்போதே சொல்லிவிட்டேன்!

நாம் போகப்போகும் ஊரின் பெயர் ஆர்கோ. இத்தாலியின் வடக்குப் பகுதியில், அந்த நாட்டின் மிகப் பெரிய ஏரியான கார்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சார்க்கா என்ற ஆறு ஓடும் பள்ளத்தாக்கு அது. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள். அவற்றின் காலடியில் ஆலிவ் தோப்புகள். ஊருக்கு மேலே ஒரு பாறை உச்சியில் பழைய கோட்டை. 500 ஆண்டுகளுக்கு முன் இந்த வழியாகப் போன ஜெர்மன் ஓவியர் டியூரர், அந்தக் கோட்டையைப் பார்த்து வரைந்த படம் இன்றும் பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தப் பாறைகளில் ஏற உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். 'ராக் மாஸ்டர்' என்ற புகழ்பெற்ற பாறையேற்றப் போட்டி 1987-ல் தொடங்கியது இங்கேதான். 2011-ல் உலக சாம்பியன்ஷிப் போட்டியும் ஆர்கோவில் நடந்தது.

சுண்ணாம்புப் பாறை ஏறுவதற்கு ஏன் அவ்வளவு நல்லது? இந்த மலைகள் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தவை. கடல் உயிர்களின் ஓடுகளும் கடலடிச் சுண்ணாம்புச் சேறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து, இறுகிப் பாறையாகி, பிறகு நிலம் மடிந்து மேலே எழும்பியது. மழைநீரில் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதில் கரைவதால் அப்படி. அது சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அதனால் பாறையில் குழிகள் விழும். சிலவற்றில் ஒரு விரல்தான் நுழையும். சிலவற்றில் முழங்கை வரை போகும். மழை செதுக்கிய ஏணி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் தேயும். பல ஆண்டுகளாக எல்லோரும் ஒரே இடத்தில் கையும் காலும் வைத்தால் அந்த இடம் கோயில் படிக்கட்டு மாதிரி வழவழப்பாகிவிடும். சுலபமான பாதையில்தான் இது அதிகம், ஏனென்றால் எல்லோரும் அதில்தான் ஏறுகிறார்கள்! ஆகவே, "சுலபம்" என்று புத்தகத்தில் போட்டிருந்தாலும் வழுக்கும். முதல் நாளே பெருமையடித்துக்கொள்ள வேண்டாம்.

புத்தகம் என்றேன் அல்லவா? ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் பாறையேறுபவர்களின் வழிகாட்டிப் புத்தகம் உண்டு. எந்தப் பாறையில் எத்தனை பாதைகள், ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், எவ்வளவு கடினம், வெயில் எப்போது விழும் என்று எல்லாம் அதில் இருக்கும். கடினத்துக்கு மார்க் போடுவார்கள். 4, 5 என்றால் புதியவர்களுக்கு. 6ஏ, 6பி, 6சி என்று எழுத்தும் சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். 2017-ல் நார்வே நாட்டுக் குகை ஒன்றில் ஆடம் ஓண்ட்ரா ஏறியதுதான் முதல் 9சி. நமக்கு 4 போதும்!

எப்போது போவது? ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயிலில் பாறை சுடும், கை வியர்த்து வழுக்கும். அப்போது போனால் நிழல் விழும் பாறையைத் தேட வேண்டும். மதியத்துக்கு மேல் ஏரிப் பக்கமிருந்து 'ஓரா' என்ற காற்று வீசும். வெயிலில் நிற்பவர்களுக்கு அது வரம். மழை பெய்தால்? அன்று ஏறக்கூடாது. ஈரச் சுண்ணாம்புப் பாறை சோப்பு போட்ட மாதிரி இருக்கும். மழை விட்ட பிறகும் சில இடங்களில் உள்ளேயிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு வாரத் திட்டத்தில் இரண்டு நாளைச் சும்மா விட்டு வையுங்கள்.

இப்போது பையைக் கட்டலாம். ஹெல்மெட், இடுப்புப் பட்டை, ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ (கால் விரலைக் கடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்), கை வியர்வைக்கு வெள்ளைப் பவுடர், தண்ணீர் பாட்டில். எல்லாவற்றையும் விட முக்கியமானது கயிறு. துணி காயப்போடும் கயிறு உதவாது! பாறையேறும் கயிறு, விழும்போது கொஞ்சம் நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். கயிற்றின் ஒரு முனை ஏறுபவர் இடுப்பில். பாறையில் பதித்த இரும்பு வளையங்களில் அதை மாட்டிக்கொண்டே மேலே போவார். கீழே ஒருவர் கயிற்றை ஒரு கருவியில் கோத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். பயிற்சி பெற்ற பெரியவர்தான் நிற்க வேண்டும். அப்பாவுக்கு நீங்கள் பிடித்தால், அவர் விழும்போது நீங்கள் மேலே பறந்துவிடுவீர்கள்!

கணக்கு நேரம். பாதையின் உயரம் 35 மீட்டர். உங்களிடம் இருக்கும் கயிறு 60 மீட்டர். போதுமா?

"60 பெரிசு, 35 சின்னது, போதும்" என்கிறீர்களா? நில்லுங்கள். ஏறும்போது போதும்தான். உச்சியில் இருக்கும் வளையத்தில் கயிற்றை மாட்டி, கீழே நிற்பவர் கயிற்றை விட விட, நீங்கள் இறங்க வேண்டும். அப்போது கயிறு கீழிருந்து 35 மீட்டர் மேலே போய், திரும்ப 35 மீட்டர் கீழே வர வேண்டும். மொத்தம் 70. ஆக, உங்கள் பக்கம் 25 மீட்டர்தான் வரும். தரைக்கு இன்னும் 10 மீட்டர், அதாவது மூன்று மாடி உயரம் இருக்கும்போதே, கயிற்றின் மறுமுனை கருவியிலிருந்து நழுவி ஓடிவிடும். நல்ல அனுபவசாலிகளே இந்தக் கணக்கில் தவறி விழுந்திருக்கிறார்கள். ஏறும் முன்பே கயிற்றின் மறுமுனையில் பெரிய முடிச்சு போட்டிருந்தால், அது கருவியில் வந்து நின்றுவிடும். நீங்கள் அந்தரத்தில் தொங்குவீர்கள், அவ்வளவுதான். அதனால் புத்தகத்தில் உயரத்தைப் பார்த்துவிட்டு, 80 மீட்டர் கயிறாக வாங்கச் சொல்லுங்கள். முடிச்சு அதற்கும் உண்டு.

"இதெல்லாம் புதியவர்களுக்குத்தானே?" என்று கேட்பீர்கள். லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண்ணின் கதையைக் கேளுங்கள். 14 வயதில் பாறை ஏறத் தொடங்கியவர். ஆர்கோவின் ராக் மாஸ்டர் போட்டியில் பலமுறை ஜெயித்தவர். 1989-ல் பிரான்ஸில் புயூ என்ற இடத்தில், இதே மாதிரி சுண்ணாம்புப் பாறையில், உடம்பைச் சூடேற்றிக்கொள்ள ஒரு சுலபமான பாதையில் ஏறினார். கயிற்றை இடுப்புப் பட்டையில் கோத்தார். முடிச்சைப் போட்டு முடிப்பதற்குள் கவனம் வேறு பக்கம் போய்விட்டது. மேலே போட்டிருந்த ஜாக்கெட் அதை மறைத்துவிட்டது. அவரும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை. உச்சி வரை ஏறிவிட்டார்! இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தார். கயிறு உருவிக்கொண்டது. 20 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்தவரை ஒரு மரத்தின் கிளைகள்தான் காப்பாற்றின. முழங்கை பிசகியது, பாதத்தில் அடி. ஆனாலும் குணமாகித் திரும்பவும் பாறைக்கு வந்தார். 1993-ல் அமெரிக்காவின் எல் கேப்டன் பாறையில் 'மூக்கு' என்ற பெயருள்ள நீண்ட பாதையை, கை கால் பிடியை மட்டும் நம்பி முதன்முதலில் ஏறி முடித்தவர் அவர்தான்.

அதனால்தான் தரையை விட்டுக் காலை எடுக்கும் முன் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, ஒருவர் முடிச்சை மற்றவர் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். பட்டையின் பூட்டு, கருவி, கயிற்றின் மறுமுனை, எல்லாமே. சாம்பியனாக இருந்தாலும் காட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னும் ஒன்று மிச்சம். ஓய்வு நாள்! இரண்டு நாள் ஏறினாலே விரல் தோல் சிவந்து எரியும். அன்றைக்கு ரயில் நிலையம் இருக்கும் ரோவரெட்டோ ஊருக்குப் போங்கள். ஆர்கோவுக்கு நீங்கள் பஸ் பிடித்ததும் அங்கேதான். ஊருக்கு வெளியே லாவினி டி மார்கோ என்ற மலைச்சரிவில், சுண்ணாம்புப் பாறை மேல் டைனோசர்களின் காலடித் தடங்கள்! ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் ஈரச் சேற்றில் அவை நடந்துபோனது அப்படியே கல்லாகிவிட்டது. பாறை ஏறுவதை விட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, உண்மையைச் சொன்னால்!

சரி, பேப்பரை மடித்து வையுங்கள். ஒரு ஷூ லேஸை எடுத்து, நடுவில் 8 மாதிரி வளைத்து ஒரு முடிச்சு போடுங்கள். நாற்காலிக் காலைச் சுற்றி லேஸைக் கொண்டுவந்து, அந்த 8 போன வழியிலேயே முனையைத் திரும்ப ஓட்டி இழுங்கள். பாறையேறுபவர்கள் இடுப்பில் போடுவது இந்த முடிச்சுதான். போட்டாயிற்றா? இப்போது தம்பியையோ அக்காவையோ கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.