காட்டைத் திருத்திய கைகள் ஏன் கும்மி கொட்டின?

மலாக்காவிலிருந்து மூவாருக்குப் போகும் கடலோரச் சாலையில், மெர்லிமாவுக்குச் சற்று முன்னால் வரும் ஊர் செர்காம். அது அமைந்திருக்கும் மலாக்கா மாநிலத்தில்தான் மலாயாவின் ரப்பர் தோட்டக் கதை வேர்விட்டது. 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அடுத்து, புக்கிட் அசாகானில் பெரிய அளவில் நடவு தொடங்கியது. ஒரு தலைமுறைக்குள் காடு இருந்த இடமெல்லாம் பால்மரமானது.

சீனர், ஜாவானியர், மலாய்க்காரரோடு சேர்ந்து அந்த மண்ணைத் திருத்தியவர்கள் தமிழரான நம் முன்னோர். ஒப்பந்தத்தில் கட்டுண்ட சஞ்சிக்கூலியாகச் சிலர், ஆள்திரட்டும் கங்காணியின் முன்பணத்தை வாங்கிப் பலர் என்று கப்பலேறினார்கள். சஞ்சிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. உதவித்தொகை தந்து தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. நட்ட கன்று பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை லாலாங் புல்லோடு மல்லுக்கட்ட வேண்டும், கூடவே காய்ச்சலோடும்.

அந்தக் காய்ச்சலின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் மால்கம் வாட்சன். கடலோரச் சமவெளியில் மலேரியாவைப் பரப்பிய கொசு, நிழல் விழுந்த தேங்குநீரில் வளர்வது. காட்டை வெட்டி நீரை வடித்தால் அது ஒழிந்தது. மலைப்பகுதியிலோ நேர்மாறு. காட்டை வெட்டியதும் ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில்பட்ட தெளிந்த நீரை விரும்பும் வேறொரு கொசு அங்கே பெருகியது. ஒரே கோடரி ஓரிடத்தில் நோயை விரட்டியது, இன்னோரிடத்தில் நோயை வரவழைத்தது. அதை அறியாமலே ஆயிரக்கணக்கானோர் அந்த ஓடைக்கரைகளில் மாண்டார்கள்.

இப்படிப்பட்ட வாழ்க்கையில் ஆட்டத்துக்கு ஏது இடம்? விடியுமுன்னே ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாகப் பால்மரம் சீவி, பால் சுமந்து திரும்பியவர்கள், மாரியம்மன் திருவிழா வந்தால் நள்ளிரவுவரை கும்மியும் கோலாட்டமும் கரகமும் ஆடினார்கள். ஓய்ந்த உடல் படுக்கையைத்தானே தேடும்? இந்த வியப்புக்கு இன்றைய அறிவியலிடம் ஒரு விடை இருக்கிறது.

2015இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்வின் டார் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அது நடந்தது பிரேசிலின் பாரா மாநிலத்தில், அமேசான் முகத்துவாரத்திலுள்ள மராஜோ தீவில். 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர், பின்னர் மலாயாவுக்கு வந்த ரப்பரின் விதைகளைத் திரட்டி லண்டனுக்குக் கொண்டுபோனதும் இதே பாராவிலிருந்துதான். அந்த ஆய்வில் 264 பள்ளி மாணவர்கள் சிறு குழுக்களாக ஆடினார்கள். சில குழுக்களில் எல்லாருக்கும் ஒரே அசைவு, சிலவற்றில் ஆளுக்கொரு அசைவு; சிலருக்கு உடல் வருத்தும் ஆட்டம், சிலருக்கு மெல்லிய ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி இறுக்கி, எந்த அளவு வரை வலியைத் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள்.

உடல் வருந்தி ஆடியவர்களுக்கு வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. அதிலிருந்து தனியாக, ஒருமித்து ஆடியவர்களுக்கும் அது கூடியிருந்தது. கூட ஆடியவர்கள் மீது நெருக்கமும் வளர்ந்திருந்தது. உடலே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின்தான் இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஓய்ந்த உடல் ஆடியதில் பொருள் இருந்தது. அந்த ஆட்டம் வலியைத் தணித்திருக்கும். பக்கத்தில் நிற்பவரை நம்மவராக்கியிருக்கும்.

இதில் இரண்டாவது பயன்தான் உயிர்நாடி என்பேன். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரே சுவருக்கு இப்புறம் சேலத்துக் குடும்பம், அப்புறம் தஞ்சாவூர்க் குடும்பம். பலருக்கு ஊர்ப் பெரியவர் இல்லை, தாய்மாமன் இல்லை, பங்காளி இல்லை. பிரசவ வலி எடுத்தால் யாரைக் கூப்பிடுவது? செத்தால் யார் தூக்குவது? தலைமுறைகளாக ஊறி வரவேண்டிய உறவை அவர்கள் சில ஆண்டுகளில் உண்டாக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் கையில் இருந்த கருவிகளில் ஒன்று கும்மி. அந்த வட்டத்தில் எல்லாருக்கும் எப்போதும் இடம் கிடைத்தது என்று சொல்ல முடியாது. சாதியும் கப்பலேறித்தான் வந்தது; பறை அடித்தவரைத் தள்ளி நிறுத்திய தோட்டங்கள் உண்டு. ஆட்டம் பிணைத்த அளவும் அதன் எல்லையும் இரண்டுமே நம் வரலாறு.

கோலாட்டத்தை உற்றுப் பார்த்தால் அது எவ்வளவு நுட்பமான ஏற்பாடு என்பது புரியும். தாளத்தோடு சேர்ந்து தட்டும் மனிதர், சத்தம் வந்தபிறகு தட்டுவதில்லை. மூளை அடுத்த அடியை முன்கூட்டியே கணித்து, ஒரு நொடியின் நூறில் சில பங்கு முந்தியே கையை அசைக்கிறது. கோலாட்டத்தில் நம் கோலை எதிரில் இருப்பவரின் கோல் சந்திக்க வேண்டும். தாளத்தைக் கணித்தால் போதாது, எதிராளியையும் கணிக்க வேண்டும். பிந்தினால் கோல் காற்றை அடிக்கும், காது உடனே சொல்லிவிடும், அடுத்த அடியில் திருந்திவிடலாம். இப்படி ஒரே இரவில் எத்தனையோ முறை ஒருவரையொருவர் எதிர்பார்த்துப் பழகியவர்கள், மறுநாள் ஒருவரையொருவர் நம்புவதில் வியப்பில்லை.

ஆட்டத்தோடு நேர்ச்சையும் சேரும்போது பிணைப்பு இன்னும் விரிகிறது. மலாக்காவில் செங் சன்னாசிமலைக்கு மாசி மகத்தில் காவடிகள் போவதைப் போல, மொரீஷியஸ் தமிழர் தைப்பூசத்தில் காவடி எடுக்கிறார்கள். கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தவர்களும் அவர்களில் உண்டு. அங்கே டிமிட்ரிஸ் சிகலாட்டாஸ் குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், காவடி எடுத்தவர்கள் கூட்டு வழிபாட்டில் மட்டும் கலந்துகொண்டவர்களைவிடக் கோயிலுக்கு அதிகமாகக் காணிக்கை தந்தார்கள். அலகு குத்தாமல் காவடியோடு கூடவே நடந்தவர்களும் அப்படியே தந்தார்கள். ஒருவர் தாங்கிய வலி உடன் நடந்தவரையும் கொடையாளி ஆக்கியது.

புதுநிலம் தேடிப் போன மற்றவர்களும் சேர்ந்து ஆடும் வழியை நாடினார்கள். அமெரிக்காவின் மேற்கே குடியேறியவர்கள், அண்டை வீட்டார் எல்லாம் கூடி ஒருவருக்குக் களஞ்சியம் எழுப்பிக் கொடுத்தபின் பிடில் வாசித்துச் சேர்ந்து ஆடுவார்கள்.

இன்று மலாக்காவின் பல ரப்பர் நிலங்களில் செம்பனை நிற்கிறது. தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் அடுக்ககங்களுக்கும் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத புது இடத்தில் அவர்கள் மறுபடியும் முதல் குடியேறிகள். கோலாட்டம் இன்னும் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் மேடையில், எட்டுப் பேர் ஆட எண்ணூறு பேர் பார்க்கும்படி. கும்மி வட்டத்தில் ஆடியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த பொங்கலுக்கு செர்காமிலும் மெர்லிமாவிலும் ஜாசினிலும் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பாட்டி முதல் பேத்தி வரை எல்லாரையும் வட்டத்துக்குள் இழுப்போம். கும்மிக்குச் செலவில்லை, கைகள் போதும். அண்டை அயலாரை அறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.