விரலைச் சப்பும் கன்று

பிறந்து இரண்டு நாளான கன்றுக்கு வாளியில் பால் குடிக்கத் தெரியாது. மடியைத் தேடி அதன் தலை மேலேதான் போகும். வாளியோ கீழே இருக்கிறது. இரண்டு விரலைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்தால், காம்பு என்று நினைத்துச் சப்பத் தொடங்கும். சொரசொரப்பான நாக்கு விரலைச் சுற்றிக்கொள்ளும். அது சப்பச் சப்ப, கையை மெல்ல இறக்கி வாளிப் பாலுக்குள் கொண்டுபோக வேண்டும். மூக்கில் பால் ஏறிக் கன்று தும்மும். வாளியை முட்டிக் கவிழ்க்கும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில வேளைகள் பொறுமையாகப் பழக்கினால், பிறகு விரல் தேவைப்படாது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லங்காஸ்டர் வட்டாரத்து ஆமிஷ் குடும்பங்களின் சிறு பண்ணைகளில் இந்த வேலை பெரும்பாலும் பிள்ளைகளுடையது. பள்ளிக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குக் கன்றுதான் பொறுப்பு. அதற்கும் சின்னதுகள் கோழிக்குத் தீவனம் போட்டு முட்டை பொறுக்கும். பத்து வயதைத் தாண்டினால் கறவையில் கூடமாட உதவி. இன்னும் வளர்ந்தால் கோவேறு கழுதைகளைப் பூட்டி வயலில் ஓட்டலாம். லங்காஸ்டர் ஆமிஷ்காரர்களின் உழவில் டிராக்டருக்கு இடமில்லை.

ஆமிஷ் என்பது கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவு. 1693-இல் ஜேக்கப் அம்மான் என்ற போதகரின் வழியில் சுவிட்சர்லாந்திலும் அல்சேஸிலும் பிரிந்த கூட்டம் அது. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். வளர்ந்து, தானாக விரும்பிக் கேட்டால்தான். அடக்குமுறைக்குத் தப்பி 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள். இன்று ஐரோப்பாவில் ஒரு சபைகூட மிச்சமில்லை. வட அமெரிக்காவில் சுமார் 4 லட்சம் பேர் இருக்கிறார்கள். கார் வைத்துக்கொள்வதில்லை, வெளியிலிருந்து வீட்டுக்கு மின்கம்பி இழுப்பதில்லை. ஆனால் பாலைக் குளிர்விக்க டீசல் இயந்திரம் ஓடும். எது வந்தால் குடும்பம் சிதறும், எது வந்தால் சிதறாது என்று சபை கூடி யோசித்துத்தான் ஒவ்வொன்றையும் உள்ளே விடுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பதும் அந்த யோசனையில் சேர்ந்ததுதான். மாட்டைக் கவனிக்கிற பிள்ளைக்குச் சம்பளம் கிடையாது. வளர்ந்து வெளியே வேலைக்குப் போனாலும், பொதுவாக 21 வயதுவரை கூலி பெற்றோர் கைக்கே போகும். ஞாயிற்றுக்கிழமை வாங்குவதும் விற்பதும் இல்லை. அன்று பால் வண்டி வரவே கூடாது என்று சொல்லும் சபைகளும் உண்டு. ஆனால் கன்றுக்கு ஞாயிறு தெரியாது. ஜெபத்துக்குப் புறப்படும் முன் அதன் பசியை ஆற்றியாக வேண்டும். நம்மை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்பதை ஒரு குழந்தை இதைவிடத் தெளிவாக எங்கே கற்றுக்கொள்ளும்?

கசப்பான பாடமும் உண்டு. கிடாரிக் கன்று பண்ணையிலேயே வளர்ந்து கறவையாகும். காளைக் கன்றுக்கு அங்கே வேலையில்லை. சில நாட்களிலேயே ஏலத்துக்குப் போய்விடும். சீம்பால் ஊட்டிய பிள்ளையே அதை வண்டி ஏற்றிவிடவும் வேண்டியிருக்கும்.

தொழுவத்தில் புழங்குவதால் பிள்ளைகளின் உடம்புக்கு ஒரு நன்மை இருப்பதை 2016-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆய்வாளர்கள் இண்டியானா மாநிலத்து ஆமிஷ் பிள்ளைகள் 30 பேரையும், தெற்கு டகோட்டாவின் ஹட்டரைட் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவின் பிள்ளைகள் 30 பேரையும் ஒப்பிட்டார்கள். இரு சமூகத்துக்கும் பூர்வீகம், உணவு, வாழ்க்கை முறை ஏறக்குறைய ஒன்றே. ஆஸ்துமா மட்டும், முந்தைய ஆய்வுகளின்படி, ஆமிஷ் பிள்ளைகளிடம் சுமார் 5 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளிடம் சுமார் 21 சதவீதம். ஹட்டரைட்டுகளின் பண்ணை பொதுவுடைமை. பெரியது, இயந்திரமயமானது, வீடுகளிலிருந்து தள்ளி இருப்பது. பிள்ளைகள் அதற்குள் அதிகம் போவதில்லை. ஆமிஷ் வீட்டிலோ நாலு எட்டு வைத்தால் தொழுவம். அங்கிருந்து வீட்டுக்குள் வரும் தூசியில் நுண்ணுயிர்க் கூறுகள் பல மடங்கு அதிகம். அவை சிறுவயதிலேயே நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பழக்குகின்றன. அந்தத் தூசி எலிகளையும் ஆஸ்துமாவிலிருந்து காத்தது.

ஆனால் அதே தொழுவத்தில் ஆபத்தும் இருக்கிறது. லங்காஸ்டரின் பழைய மாட்டுக்கொட்டகைகள் இரண்டு தளம் கொண்டவை. மேலே வைக்கோல் பரண், கீழே மாடுகள். பரணின் தரையில் உள்ள ஒரு துளை வழியாக வைக்கோலைக் கீழே தள்ளுவார்கள். வைக்கோல் மூடிக் கிடந்தால் துளை இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. ஓடி விளையாடும் குழந்தை அதன் வழியே கீழே கான்கிரீட் தரையில் விழுந்து மண்டை உடைவது, அந்த வட்டார மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்த விபத்து. துளைக்கு ஒரு மூடி போட்டால் தடுத்துவிடலாம். ஒரு பலகைக்கும் அரை நாள் தச்சு வேலைக்கும் மேல் இதற்குச் செலவாகாது. வேலையைக் கற்றுக்கொடுக்கிற பெற்றோர் அந்த மூடியை முதலில் போட வேண்டும்.

படிப்பு விஷயத்திலும் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஆமிஷ் பிள்ளைகள் ஓர் அறைப் பள்ளியில் எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிறகு பண்ணைதான் பள்ளி. விஸ்கான்சின் மாநிலம் இதை எதிர்த்து, பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பாத மூன்று தகப்பன்மாருக்குத் தலா 5 டாலர் அபராதம் விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1972-இல் நீதிமன்றம் மத சுதந்திரத்தின் பேரில் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டார்: படிக்கப்போவது பிள்ளை, அந்தப் பிள்ளையை யாராவது கேட்டார்களா என்பதே அவர் கவலை. 50 ஆண்டு கடந்தும் அந்தக் கேள்வி நியாயமாகவே இருக்கிறது. கன்று வளர்க்கத் தெரிந்த பெண்ணுக்கு, ஒருவேளை கால்நடை மருத்துவராக ஆசை வந்தால் அவள் எங்கே போவாள்?

இதற்கிடையில் நிலத்தின் விலை வேறொரு முடிவை எழுதிக்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டில் ஆறேழு பிள்ளைகள். அத்தனை பேருக்கும் பிரித்துக் கொடுக்க நிலமில்லை. லங்காஸ்டரில் இப்போது பாதிக்கும் குறைவான ஆமிஷ் குடும்பங்களே விவசாயத்தை நம்பியிருக்கின்றன. மற்றவர்கள் தச்சுப் பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் கடைகளுக்கும் போய்விட்டார்கள். தகப்பன் காலையில் வேலைக்குக் கிளம்பினால் பிள்ளைக்குக் கன்றும் இல்லை, வாளியும் இல்லை. ஆனால் கார் இல்லாத வீட்டில் வண்டிக் குதிரை இல்லாமல் முடியாது. லாயத்தைக் கூட்டி, அதற்குத் தண்ணீரும் ஓட்ஸும் வைக்கும் வேலை அங்கேயும் பிள்ளைகளுக்குத்தான் வருகிறது.