காந்தமும் மின்சாரமும்

இரும்பைத் தன்பால் ஈர்க்கும் கல்லுக்கு வடநூலார் இட்ட பெயர் அயஸ்காந்தம் என்பதாகும். இரும்புக்கு விருப்பமானது என்பது அதன் பொருள். அப்பெயரே குறுகிக் காந்தம் எனத் தமிழில் வழங்கலாயிற்று. மின் என்பதோ தமிழ்ச்சொல். மேகத்திடையே தோன்றி மறையும் ஒளியைக் குறிப்பது. ஒன்று மாலுமிக்குத் திசை காட்டும் கல். மற்றொன்று வானத்தைப் பிளக்கும் தீ. இவ்விரண்டையும் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆயினும், இவை ஒன்றோடொன்று உறவுடையன என்பதை 19-ஆம் நூற்றாண்டு வரையில் எவரும் ஐயமற மெய்ப்பித்துக் காட்டினாரல்லர்.

1820-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுக் கோபன்ஹேகன் நகரில் ஓயர்ஸ்டெடு என்னும் பேராசிரியர், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே வைக்கப்பட்ட காந்த ஊசி தன் நிலையினின்று திரும்புவதைக் கண்டார். மின்னோட்டத்தை நிறுத்தியதும் ஊசி முன்போல் வடக்கு நோக்கிற்று. கம்பியில் மின்சாரம் ஓடுங்கால் அதனைச் சூழ்ந்த வெளியில் காந்த ஆற்றல் பிறக்கின்றது என்னும் உண்மை இதனால் விளங்கிற்று. இச்செய்தி ஐரோப்பா முழுவதும் விரைந்து பரவியது.

மின்சாரம் காந்தத்தைத் தருமாயின், காந்தம் மின்சாரத்தைத் தாராதோ? இவ்வினா அக்காலத்து அறிஞர் பலர் உள்ளத்தில் எழுந்தது. ‘காந்தத்தை மின்சாரமாக மாற்றுதல் வேண்டும்’ என்னும் கருத்தைத் தம் குறிப்பேட்டில் 1822-ஆம் ஆண்டில் எழுதி வைத்தவர் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கிலேயர். அவர் 1791-ஆம் ஆண்டில் ஓர் ஏழைக் கொல்லருக்கு மகனாகப் பிறந்தவர். பள்ளிக் கல்வி மிகுதியாகப் பெறாதவர். இளமையில் இலண்டனில் புத்தகம் கட்டும் கடை ஒன்றில் வேலை பயின்றார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலில் நாட்டங் கொண்டார். ஹம்பிரி டேவி என்னும் பேரறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். 1813-ஆம் ஆண்டில் இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் டேவியின் உதவியாளரானார். கைத்தொழில் அவருக்கு வழி திறந்தது எனலாம்.

காந்தத்தினின்று மின்சாரம் பெற முயன்றோர் வேறு சிலரும் உளர். அவருள் ஒருவர் சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரைச் சார்ந்த கொலாடன். அவர் 1825-ஆம் ஆண்டில் செய்த சோதனை நினைக்கத் தக்கது. கம்பிச்சுருள் ஒன்றினுள் வலிய காந்தத்தைச் செலுத்தி, சுருளில் மின்னோட்டம் தோன்றுகின்றதா என்று அறிய அவர் விரும்பினார். மின்னோட்டத்தைக் காட்டும் கருவியாகிய கால்வனாமானியிலும் ஒரு காந்த முள் உண்டு. பெரிய காந்தம் அருகில் இருப்பின் அம்முள் அதனாலேயே அலைவுறுமன்றோ? அதனைத் தவிர்க்க வேண்டிக் கருவியை அடுத்த அறையில் வைத்து, நீண்ட கம்பிகளால் சுருளோடு இணைத்தார். காந்தத்தைச் சுருளினுள் நுழைத்தார், எழுந்து அடுத்த அறைக்கு நடந்தார், முள்ளை நோக்கினார். முள் அசையாது நின்றது. மீண்டும் செய்தார், மீண்டும் நடந்தார், முள் அசைந்த பாடில்லை. அவர் நடந்து சென்ற அச்சிறு பொழுதில் முள் அசைந்து பழைய நிலையை அடைந்துவிட்டது. இதனை அவர்தம் கவனக் குறைவு என்றல் பொருந்தாது; அவர் மேற்கொண்ட மிகுந்த கவனமே அவருக்குத் தடையாயிற்று. கருவியின் அருகில் வேறொருவரை நிறுத்தியிருப்பாராயின், அப்பெரும் புகழ் அவரையே சேர்ந்திருக்கும்.

பாரடேயும் பல முறை முயன்று தோற்றார். 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாளன்று அவர் செய்த சோதனை வேறு வகையினது. 6 அங்குல விட்டமுள்ள மெல்லிரும்பு வளையம் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் ஒரு பாதியில் ஒரு செப்புக் கம்பியையும், மறு பாதியில் மற்றொரு செப்புக் கம்பியையும் பல சுற்றுகளாகச் சுற்றினார். கம்பிகள் ஒன்றையொன்று தீண்டாதவாறு இடையிடையே நூலும் துணியும் இட்டார். ஒரு சுருளின் முனைகளை நீட்டி, வளையத்தினின்று 3 அடி தொலைவில் இருந்த காந்த ஊசியின் மேலாகச் செல்லுமாறு அமைத்தார். மற்றொரு சுருளை மின்கலத்தோடு இணைத்தார். இணைத்த அக்கணமே ஊசி துடித்தது. பின்னர் மெல்ல அடங்கிப் பழைய நிலையில் நின்றது. மின்கலம் இணைந்தே இருந்தது; முதற்சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தது; ஊசியோ அசையவில்லை. இணைப்பை அறுத்தபோது மீண்டும் ஒரு துடிப்பு!

எத்துணை வலிய காந்தமும் வாளா இருக்குமாயின் மின்னோட்டத்தைத் தாராது. காந்த ஆற்றல் தோன்றும்போதும் மறையும்போதும், மிகும்போதும் குறையும்போதும் மட்டுமே அது பிறக்கும். அறிஞர் பலர் கண்ணுக்குத் தப்பிய உண்மை இதுவே. அக்டோபர்த் திங்கள் 17-ஆம் நாளில், எட்டரை அங்குல நீளமுள்ள காந்தக் கோலைக் கம்பிச்சுருளினுள் விரைந்து செலுத்தினார் பாரடே. கால்வனாமானியின் முள் ஒரு பக்கம் பாய்ந்தது. கோலை வெளியே இழுத்தபோது மறுபக்கம் பாய்ந்தது. கோல் அசையாதிருந்தபோது முள்ளும் அசையாதிருந்தது. இந்நிகழ்ச்சிக்கு மின்காந்தத் தூண்டல் என்பது பெயர். திரியைத் தூண்டுகோல் தூண்டுங்கால் கோல் எரிந்து போவதில்லை. அவ்வாறே காந்தமும் தன் ஆற்றலை இழந்து மின்சாரத்தைத் தருவதன்று. ஆதலின் தூண்டல் என்னும் சொல் ஈண்டு நன்கு பொருந்துகின்றது.

காந்தம் தொடாமலே சுருள் எவ்வாறு தூண்டப்படுகின்றது? ஒரு காந்தத்தின் மேல் தாளைப் பரப்பி, இரும்புத் தூளைத் தூவி, தாளை மெல்லத் தட்டினால், அத்தூள் ஒரு முனையினின்று மறுமுனைக்கு வளைந்து செல்லும் கோடுகளாக அமைவதைக் காணலாம். காந்தத்தைச் சூழ்ந்த வெளி வெறுவெளி அன்று. அதன் ஆற்றல் பரவிய வெளி. இதனைக் காந்தப் புலம் என்பர். பாரடே இக்கோடுகளை விசைக்கோடுகள் என்றார். முனைகளின் அருகில் அவை நெருங்கியும், அகல அகலச் சிதறியும் செல்லும். ஒரு சுருளினூடே செல்லும் விசைக்கோடுகளின் தொகை மாறுமாயின் அச்சுருளில் மின்னியக்கு விசை பிறக்கும். மாற்றம் எத்துணை விரைவாக நிகழ்கின்றதோ அத்துணை அளவில் அவ்விசை மிகும். சுருளின் சுற்றுகள் மிகினும் அவ்வாறே. கணிதப் பயிற்சி மிகுதியாக இல்லாத பாரடே கண்ட இக்கோடுகளுக்குக் கணித வடிவம் தந்தவர் பின்வந்த மாக்ஸ்வெல்.

காந்தம் தன் ஆற்றலை இழவாதாயின், மின்சாரத்திற்குரிய ஆற்றல் எங்கிருந்து வருகின்றது? இதற்கு விடை மிதிவண்டியிலேயே உண்டு. சக்கரத்தில் உராய்ந்து சுழலும் டைனமோவினுள் ஒரு காந்தம் கம்பிச்சுருளின் நடுவே சுழல்கின்றது. விளக்கு எரியத் தொடங்கியதும் மிதிப்பவர் கால் சற்றே கனப்பதை உணரும். பிறந்த மின்னோட்டம் தானும் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கி, தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கின்றது. இதனை 1834-ஆம் ஆண்டில் லென்ஸ் என்னும் அறிஞர் விதியாக வகுத்தார். அவ்வெதிர்ப்பை வென்று மிதிக்கும் காலின் உழைப்பே விளக்கில் ஒளியாகின்றது. ஒளி இலவசமாக வருவதன்று. நீர்மின் நிலையங்களில் காலின் வேலையை வீழும் நீரும், அனல்மின் நிலையங்களில் நீராவியும் செய்கின்றன.

வளையச் சோதனையில் ஊசி ஒரு கணமே துடித்தது குறையாகத் தோன்றலாம். இந்திய நாட்டு வீடுகளுக்கு வரும் மின்னோட்டமோ விநாடிக்கு 50 சுற்று என்னும் அளவில் திசை மாறி மாறிப் பாய்வது. அது முதற்சுருளில் ஓடுமாயின் மாற்றம் இடையறாது நிகழும். இரண்டாஞ் சுருளிலும் மின்னோட்டம் இடையறாது பிறக்கும். இரண்டாஞ் சுருளின் சுற்றுகளைக் கூட்டியும் குறைத்தும் மின்னழுத்தத்தை வேண்டியவாறு உயர்த்தலாம், தாழ்த்தலாம். உயர்ந்த அழுத்தத்தில் அனுப்பினால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் குறையும். வெப்பமாக வீணாவதும் குறையும். ஆதலின் மின்நிலையத்தருகே அழுத்தம் உயர்த்தப்பெற்று, ஊர்களை அடையுங்கால் தாழ்த்தப்பெறுகின்றது. தெருவோரத்தில் கம்பங்களின் மேல் மெல்ல இரைந்துகொண்டிருக்கும் மின்மாற்றி இத்தொழிலையே செய்கின்றது. அதன் முன்னோடியாகிய அவ்விரும்பு வளையம், பாரடே தம் கையால் சுற்றிய கம்பியும் துணியுமாக, இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.